இரண்டாம் மெஷினுக்கு ஒரு பொட்டு

செப்டம்பர் 27, சனி

இந்த டைரி கோழித்தீவனக் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோழி வளர்ப்புக்கு ஒரு குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். எட்டு மாதமாக பீரோ மேல் தூசி தின்றுகொண்டிருந்ததை இன்றைக்கு எடுத்துத் துடைத்தேன். காரணம் இருக்கிறது. ஏழாவது விதைக்கான முட்டைகள் இன்று மெஷினுக்குள் போய்விட்டன.

பிற்காலத்தில் யாராவது இதைப் படித்தால் விளங்க வேண்டும் என்பதால் எழுதி வைக்கிறேன். நான் சாந்தாமணி. நாமக்கல்லுக்கு வெளியே ஒரு தடுப்பூசி நிறுவனத்தில் பதினைந்து வருடமாக முட்டை அறையில் வேலை. ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி முட்டைக்குள்தான் வளர்கிறது. கருக்கூடிய முட்டையைப் பத்து நாள் சூட்டில் வைத்து, உள்ளே வைரஸை ஊசியால் ஏற்றினால், குஞ்சைச் சுற்றி இருக்கும் நீரில் அது பெருகும். அந்த நீரை எடுத்து, வைரஸைக் கொன்று, சுத்தப்படுத்தினால் மருந்து. ஒரு முட்டையில் ஏறக்குறைய ஒரு ஆளுக்கு மருந்து.

இந்த வைரஸ் வருடா வருடம் சட்டை மாற்றிக்கொள்ளும். அதனால் முட்டைக்குள் ஏற்ற வருடா வருடம் புது வைரஸ் வேண்டும், அதைத்தான் விதை என்போம். வெளிநாட்டிலிருந்து விதை வந்து, நாங்கள் மருந்து செய்து முடிப்பதற்குள் இங்கே ஐப்பசி மழையும் போய், காய்ச்சலும் வந்து போயிருக்கும். அதனால்தான் டாக்டர் ஜெசிந்தா இரண்டரை வருடமாக இங்கேயே ஒரு விதையைச் செய்துகொண்டிருக்கிறார். ஆறு விதைகள் முட்டைக்குள் சரியாக வளரவில்லை. ஏழாவதும் வளராவிட்டால் இந்த வேலையை மூடிவிட்டுப் பழையபடி வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்று டைரக்டர் சத்தியசீலன் சொல்லிவிட்டார். அக்டோபர் பதினேழாம் தேதி கூட்டம்.

ஆயிரத்து இருநூறு முட்டை, இரண்டாம் அடைகாக்கும் மெஷினில். எல்லாம் என் கையால் அடுக்கியது.

செப்டம்பர் 28, ஞாயிறு

துணி துவைத்தேன். வீட்டுக்காரர் ஆம்லெட் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையாவது அதன் முகத்தில் முழிக்காமல் இருக்கிறேன், கடையில் போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். போனார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூஜை. டைரக்டர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். கேட், ஜெனரேட்டர், வேன், இதற்கெல்லாம் பூஜை போட்டுக்கொள்ளலாமாம். முட்டை அறைக்குள் சந்தனம், குங்குமம், பொரி, பூ எதுவும் வரக்கூடாதாம். பூஞ்சைக் கிருமி வந்துவிடுமாம்.

நியாயம்தான். எனக்கும் தெரியும். ஆனாலும் சும்மா நிற்கிற ஜெனரேட்டருக்கு மாலை, ராவும் பகலும் ஓய்வில்லாமல் உழைக்கிற மெஷினுக்கு ஒன்றுமில்லை என்றால் மனசு கேட்கிறதா? பீரோ உயரத்துக்கு நிற்கிறது பாவம். மணிக்கு ஒரு தடவை உள்ளே இருக்கிற தட்டுகளை எல்லாம் ஒரு பக்கம் சாய்க்கும். டக்கென்று ஒரு சத்தம். இடது. அடுத்த மணிக்கு வலது. தாய்க்கோழி முட்டையை மூக்கால் புரட்டிப் புரட்டி விடுகிறதே, அதே வேலை. அதைச் செய்யாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மணிக்கு மணி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பதினைந்து வருடமாக அந்த டக்கில்தான் எனக்கு மணி தெரிகிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஜெனரேட்டருக்குப் பெரிய மாலை. டைரக்டர் வேட்டியில் வந்தார், நன்றாகவே இருந்தார்.

இங்கே எழுதுவதால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாம் மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்தேன். உள்ளே இல்லை. பின்பக்கம், வெளியே, மோட்டார் பெட்டியின் மேல். கையைக் கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மிளகு அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். யார் கண்ணுக்கும் படாது. தட்டுகளைச் சாய்க்கிற அந்த மோட்டாரின் கை அசைந்தால் விரலை நசுக்கிவிடும், அதனால் பார்த்துத்தான் வைத்தேன். ஒரு நிமிடம் கும்பிட்டேன். அறை அமைதியாக, நிறைவாக இருந்தது. அதற்குள் பொரி வாங்கிக்கொள்ளச் சொல்லி வெளியே கூப்பிட்டார்கள், போய்விட்டேன், அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டேன்.

பொரியில் கடலையை விடச் சர்க்கரைதான் அதிகம்.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. நேற்று பூஜை முடிந்ததிலிருந்தே முட்டை அறைக்கு மருதாசலம் டியூட்டி. நல்ல பையன்தான். மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. உடம்பு இங்கேயும் மனசு திருச்செங்கோட்டிலுமாக இருக்கிறான்.

மத்தியானம் படுத்தேன், தூக்கம் வரவில்லை. என்னவோ ஒன்றை விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. கேஸை இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

போனதும் நேராக இரண்டாம் மெஷினுக்குப் போனேன். சூடு சரியாக இருக்கிறது. ஈரம் சரியாக இருக்கிறது. ரிஜிஸ்டரில் இடது, வலது, இடது, வலது என்று மருதாசலம் இரண்டு நாளுக்கும் அழகாக எழுதி வைத்திருக்கிறான். ரிஜிஸ்டர் சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இப்போது எல்லாம் சரியாக ஓடுகிறது.

பக்கத்தின் அடியில் இருந்த குறிப்பைக் கிழித்துவிட்டேன். எழுத இடைஞ்சலாக இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

வீட்டுக்காரரே ஆம்லெட் போட்டுக்கொண்டார். பூரா வீடும் நாற்றம். சண்டை போட்டேன். ஒரு முட்டைக்கு இவ்வளவு கோபமா என்று கேட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று இருட்டறையில் முட்டை பார்க்கும் நாள். முட்டைக்கு அடியில் விளக்கைப் பிடித்தால் உள்ளே தெரியும். உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் ஓடு முழுக்கக் கிளை விட்டிருக்கும், நடுவே கறுப்பாகக் குஞ்சு துள்ளும். செத்தது என்றால் நரம்பு அறுந்து கிடக்கும். மணிக்கு அறுநூறு முட்டை பார்ப்பேன். இந்த ஜில்லாவில் என் கண்ணுக்கு ஈடு கிடையாது, இது பெருமைக்குச் சொல்வதில்லை.

நூற்றுப் பதினாறு கழித்தேன். வழக்கத்துக்குக் கொஞ்சம் அதிகம். மீதியில் நரம்பு மெல்லிசாகத்தான் இருந்தது. குஞ்சும் சிறிசு. ஆனால் உயிர் இருக்கிறது. உயிர் இருந்தால் பாஸ் என்றுதான் விதி. நான் விதியைத்தான் பின்பற்றினேன்.

டாக்டர் ஜெசிந்தா பக்கத்தில் வந்து நின்று, எப்படி இருக்கின்றன என்று கேட்டார். நல்லா இருக்குதுங்க மேடம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார். சாயங்காலத்துக்குள் ஏழாவது விதை எல்லா முட்டைக்குள்ளும் போய்விட்டது.

அக்டோபர் 9, வியாழன்

பல் வலி.

அக்டோபர் 11, சனி

நேற்று முட்டைகளைக் குளிரறையில் வைத்தோம், இன்று நீர் எடுத்தோம். ஒரு முட்டைக்கு எட்டு மில்லி வர வேண்டியது, நான்கு, ஐந்துதான் வந்தது.

பிறகு தட்டுச் சோதனை. அதை இன்று தள்ளி நின்று பார்த்தேன். பன்னிரண்டு குழி உள்ள தட்டில் முட்டை நீரைக் குழிக்குக் குழி பாதியாகக் குறைத்து விட்டு, அதன் மேல் கோழி ரத்தத்தின் சிவப்பணுக்களை ஊற்றுவார்கள். வைரஸ் இருந்தால் அது அணுக்களைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பு கலங்கலாகப் பரவி நிற்கும். வைரஸ் இல்லையென்றால் அணுக்கள் எல்லாம் அடியில் இறங்கி ஒரு வட்டப் பொட்டாகக் குவியும். எத்தனை குழி வரைக்கும் பொட்டு விழாமல் நிற்கிறதோ அவ்வளவு வீரியம். எட்டுக் குழி வேண்டும் என்பது டைரக்டர் வைத்த கணக்கு.

நான்காம் குழி வரைதான் நின்றது. ஐந்தாவதில் பொட்டு. அச்சாகக் குங்குமப் பொட்டு.

டாக்டர் தட்டை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை எண்ணினார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, ஏழும் போச்சு என்று எனக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னார். தூத்துக்குடியில் அவருடைய அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். இந்த விதைக்காகப் போன கிறிஸ்துமஸுக்குக்கூட அவர் ஊருக்குப் போகவில்லை.

விதை வாய் திறந்து பேசாது. அதன் மேல் எதை வேண்டுமானாலும் போடலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

முன்பு ஒரு தடவை டாக்டர் ஜெசிந்தா, இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் சாந்தாமணி என்று கேட்டார். பஸ் வசதி இருக்கிறது என்றேன். அது பொய். பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

என் தங்கை கோகிலவாணி எட்டாம் மாதம். பன்றிக் காய்ச்சல் வந்த வருடம். சாதாரணச் சளிதான் அக்கா என்று போனில் சொன்னாள். ஆறாம் நாள் இரண்டு உயிரும் போய்விட்டது. அடுத்த வருடம் இந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது, எழுதிப் போட்டேன். என் கையால் போகிற ஒரு முட்டை ஒரு கோகிலாவுக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

மருதாசலத்தை சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூப்பிட்டேன். புதன், வியாழன் இரண்டு நாளும் தட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தைக்கு மஞ்சள் காமாலை, விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் வந்தது, சூட்டை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை மொத்தமாக எழுதிவிட்டேன் என்றான். பிறகு கேட்டான், "ஏனுங்க்கா, மெஷின் நின்னு போயிருந்துச்சுங்களா?"

நிற்கவில்லை, நான் நிறுத்தினேன் என்றேன். வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. இங்கேகூட எழுதவில்லையே.

சரி, எழுதுகிறேன். பொட்டு வைப்பதற்காக மோட்டார் சுவிட்சை அணைத்தேன். கை நசுங்கிவிடும் என்று மட்டும் இல்லை. பூஜை அன்றைக்குக் கருவிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், எங்கள் வீட்டில் அரிவாள்மனையைக்கூட அன்றைக்குத் தொடமாட்டோம். சூட்டை நிறுத்தினால் குஞ்சு செத்துவிடும், இதையாவது ஒரு நிமிடம் நிறுத்தலாமே என்று தோன்றியது. ஒரு நிமிடம்தான். பொரிக்குக் கூப்பிட்டார்கள், சுவிட்சைப் போடாமல் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தேன், போட்டேன், பேசாமல் இருந்துவிட்டேன். கிழித்த குறிப்பில் என்ன இருந்தது என்றும் எழுதிவிடுகிறேன். முதல் வாரம் முட்டையைத் திருப்பத் தவறாதீர்கள் என்று இருந்தது.

மருதாசலம் சைக்கிள் பெல்லைத் திருகினான். "நீங்க சொல்லீட்டா என்ற கையெழுத்தும் பொய்யின்னு ஆயிருமுங்க்கா" என்றான். ஆகும் என்றேன். என்னால் அவனைக் காப்பாற்ற முடியாது, முன்கூட்டிச் சொல்லத்தான் முடியும்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை எட்டரைக்கே டாக்டர் அறைக்குப் போனேன். மேஜை மேல் அட்டைப் பெட்டியில் பழைய நோட்டுகளை எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"மேடம், விதை மேல தப்பில்லீங்க. ரெண்டாம் மெஷின்ல மோட்டார நான்தான் நிறுத்துனேன். முட்டை திரும்பவே இல்லீங்க."

அவர் கையில் இருந்த நோட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார், கத்துவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும்?"

பொட்டு வைத்ததையும் சொல்லி, புதன் காலை ஒன்பதேகால் முதல் வெள்ளி காலை எட்டே முக்கால் வரை என்றேன். நாற்பத்தேழரை மணி நேரம். இத்தனை நாளும் அது என் தலைக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அவர் ஒரு காகிதத்தில் எழுதினார். நான்காம் நாள், ஐந்தாம் நாள், ஆறாம் நாள் என்று விரல் விட்டு எண்ணினார். குஞ்சைச் சுற்றி அந்த நீர்ப்பை விரிகிற நாட்களே அவைதானாம். திருப்பாவிட்டால் பை விரியாது, நீர் சேராது, வைரஸுக்கு வளர இடம் இருக்காது. நான்கு மில்லி வந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது போனதும்தான் கோபம் வந்தது.

"ரெண்டரை வருஷம், சாந்தாமணி. நாலு நாளா நான் இந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

அழுதேன். அவர் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் சரிதான்.

பதினோரு மணிக்கு மருதாசலம் தானே டைரக்டர் அறைக்குள் போனான். யாரும் கூப்பிடவில்லை. பன்னிரண்டு மணிக்கு எங்கள் இருவரையும் நிற்க வைத்து டைரக்டர் பேசினார். பேசினார் என்பது மரியாதைக்கு எழுதுகிறேன். என்னை வேலையை விட்டு அனுப்புவதாகத்தான் இருந்தார். டாக்டர் ஜெசிந்தா குறுக்கே வந்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"இவங்கள அனுப்பிட்டா, சார், அடுத்த தடவ தப்பு செய்யுதவங்க நம்மகிட்ட வந்து சொல்ல மாட்டாங்க."

முடிவு இது. நான் மூன்று மாதம் கழுவுகிற பகுதியில். மருதாசலத்துக்கு மெமோ. முதலாம் மெஷினில் நான்காம் தேதி வேறு சோதனைக்காக வைத்த முந்நூறு முட்டை இருக்கிறது, அதில் ஏழாவது விதைக்கு இன்னொரு வாய்ப்பு. கூட்டம் தீபாவளிக்குப் பிறகு.

அக்டோபர் 15, புதன்

கழுவுகிற இடத்தில் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வாசலில் வந்து நின்று, முட்டை பார்க்க வேறு ஆள் இல்லை, இன்று ஒரு நாள் மட்டும் வாருங்கள் என்றார். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது.

மருதாசலம் பக்கத்தில் சாட்சி. விதியை விட்டுவிட்டுக் கண்ணை நம்பிப் பார்த்தேன். துளி சந்தேகம் வந்தாலும் தள்ளி வைத்தேன். இருநூற்று அறுபத்தொன்று தேறி, விதை ஏற்ற டாக்டரிடம் போனது. நரம்பு ஒவ்வொன்றும் கயிறு மாதிரி இருந்தது. குஞ்சு விளக்கைக் கண்டு உதைத்தது. போன வாரம் நான் பாஸ் போட்டது எதுவும் இப்படி இருக்கவில்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டை அதனால்தானா என்று கேட்டார். அதனால் பாதி, நாற்றத்தினால் பாதி என்றேன்.

பஸ்ஸில் பாதிப்பேர் இருமுகிறார்கள். முன் சீட்டில் ஒரு பெண், ஏழு மாதம் இருக்கும், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டேன். எனக்கு வேறு என்ன செய்ய முடியும்?

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. கழுவுகிறவர்களுக்கு இன்று வேலை இல்லை. ஆனாலும் போனேன். முட்டை அறைக்குள் எனக்கு அனுமதி இல்லாததால் வராந்தாவில், கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.

நீர் எடுத்தார்கள். மருதாசலம் கண்ணாடி வழியாக எனக்கு ஏழு விரல் காட்டினான், பிறகு எட்டு. ஒரு முட்டைக்கு ஏழெட்டு மில்லி. அதன் பிறகு தட்டு. அணுக்கள் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணியில் வராந்தாவின் தரைக்கல்லை எல்லாம் எண்ணிவிட்டேன். தொண்ணூற்றிரண்டு.

டாக்டர் ஜெசிந்தா தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு. நானும் வெளியிலிருந்து எண்ணினேன். ஐந்தாம் குழியில் எண்ணுவதை நிறுத்திப் பார்த்தேன். பொட்டு இல்லை. ஆறு. ஏழு. எட்டு. பொட்டு இல்லை. ஒன்பதிலும் இல்லை. பத்தாவதில்தான் விழுந்தது.

அவர் உடனே சிரிக்கவில்லை. இன்னொரு தட்டை எடுத்துச் சரிபார்த்தார். அதிலும் ஒன்பது. பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, தட்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பார்க்கட்டும் என்று பிடித்தார். நான் கண்ணாடி மேல் கை வைத்துக்கொண்டு பார்த்தேன். கோகிலா, பாருடி என்று வாய்விட்டுச் சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்காது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மருதாசலம் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. கொஞ்சம் கல்லாக இருந்தது, எல்லாவற்றையும் தின்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

கூட்டம் முடிந்தது. ஏழாவது விதைக்கு அனுமதி. முதலில் விலங்குச் சோதனை, பிறகு மனிதர்களுக்கு. ஊசியாக வெளியே வர இரண்டு மழைக்காலம் ஆகலாம், மூன்றும் ஆகலாம். ஆகட்டும்.

டாக்டர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். முட்டை அறை விதிப்புத்தகத்தில் ஆயுத பூஜைக்கு ஒரு பக்கம் சேர்க்க வேண்டுமாம், அதை நான் எழுத வேண்டுமாம். பூஜையே கூடாது என்று ஒரு வரி போட்டுவிடலாமே மேடம் என்றேன். அப்படிப் போட்டதினால்தானே பொட்டை ஒளித்து வைத்தீர்கள் என்றார்.

நவம்பர் 3, திங்கள்

விதியை மூன்று தடவை எழுதி, அடித்து, இன்று கொடுத்தேன். பொட்டு அறைக் கதவின் வெளிப்பக்கம் மட்டும். எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது. இரண்டு பேர் உடன் இருக்க வேண்டும். பொரி சாப்பிடப் போகுமுன் தட்டு சாய்கிற சத்தத்தை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கடைசி வரியை டைரக்டர் அடித்துவிடுவார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விலங்குச் சோதனைக்கான முட்டைகள் இன்று இரண்டாம் மெஷினுக்குள் போயின. அடுக்கியது மருதாசலம். நான் சுவருக்கு இந்தப் பக்கம் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். பதினோரு மணி ஆனதும் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தேன்.

டக். இடது.

குழாயைத் திறந்து மீதித் தட்டுகளைக் கழுவினேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் மூடினேன்.